அன்கி: செமஸ்ரர் முழுக்கப் பாவிப்பவருக்குப் பலன் தரும் மீட்டல் செயலி

உயர்தரம் முடியும்வரை யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் படிப்பைப் பெரும்பாலும் ரியூசன் ஆசிரியர்தான் ஒழுங்குபடுத்துகிறார். எந்த அலகை எப்போது மீட்டுவது, எந்தக் கிழமை மாதிரி வினாத்தாள் செய்வது, பிள்ளைக்கு எங்கே பிழைக்கிறது என்பதெல்லாம் அவர் கையில். கம்பஸுக்கு வந்த முதல் செமஸ்ரரிலேயே அந்தக் கை விலகிவிடும். சிலைட்டுகள் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கற்றல் தளமான எல்எம்எஸ்ஸில் ஏறிக் கிடக்கும், சூம் பதிவுகள் கிடக்கும், பட்ச் வட்ஸ்அப் குழுவில் பீடிஎப் வந்து குவியும். அவற்றை எப்போது திறப்பது என்று சொல்ல ஆளில்லை. பரீட்சை அட்டவணை வந்த பிறகு சீனியர்கள் எடுக்கும் குப்பி வகுப்பும் இரவிரவான படிப்புமாக ஓடி, சித்தியடைந்து, அடுத்த செமஸ்ரரில் அதே பாடத்தின் தொடர்ச்சியில் ஒன்றும் நினைவில்லாமல் நிற்பது திருநெல்வேலி வளாகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஒன்றுபோலவே நடக்கிறது.

அன்கி என்ற செயலியை இந்த இடத்தில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் இது. அட்டையின் ஒரு பக்கத்தில் கேள்வி, மறுபக்கத்தில் விடை. விடையை நினைவுபடுத்திப் பார்த்து, சரியா பிழையா என்று நீங்களே பொத்தானை அழுத்தினால், அந்த அட்டை அடுத்து எந்த நாளில் வரவேண்டும் என்பதைச் செயலி கணிக்கும். ரியூசன் ஆசிரியர் வைத்திருந்த மீட்டல் அட்டவணையை அது உங்களுக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை புதிய அட்டை, எந்தப் பொத்தான் என்ற இரண்டு முடிவையும் மாணவரிடமே விட்டுவிடுகிறது. பெறுபேறு கூடுவதும் குறைவதும் அந்த இரண்டிலும்தான் தங்கியிருக்கிறது. கீழே சொல்லும் எல்லாச் செற்றிங்ஸும் அந்த இரண்டையும் சுற்றியவையே.

விலையை முதலில் சொல்லிவிடலாம். கணினியில் இலவசம். அன்ட்ரொய்ட் போனில் அன்கிட்ராய்ட் என்ற பெயரில் இலவசம், விளம்பரமும் இல்லை. ஐபோன் பதிப்புக்கு 24.99 அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபாவில் நின்றாலே 7,000 ரூபாவைத் தாண்டும். ஐபோன் வைத்திருப்பவர் அன்கிவெப் தளத்தை உலாவியில் திறந்து இலவசமாகவே மீட்டலாம். வசதி குறைவு, ஆனால் வேலை நடக்கும். செயலிக் கடையில் அன்கி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு வேறு செயலிகளும் நிற்கின்றன. மாதச் சந்தா கேட்டால் அது இந்த அன்கி அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர் செய்த பரிசோதனை ஒன்றைப் பாருங்கள். ஒரு பந்தியை இரண்டாம் முறையும் வாசித்த மாணவர்கள் ஒருபுறம், ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபுறம். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் 81 வீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 75 வீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு கிழமை கழித்து நிலைமை தலைகீழ்: திரும்ப வாசித்தவர்களிடம் 42 வீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 56 வீதம். பரீட்சைக்கு முதல்நாள் சிலைட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர் எல்லாம் தெரிந்ததாக உணர்வதற்கும், அடுத்த செமஸ்ரரில் வெறுங்கையோடு நிற்பதற்கும் காரணம் இதில் இருக்கிறது. அந்த உணர்வு பொய்யில்லை. அதன் ஆயுள் குறைவு.

கல்வி உளவியலில் பரி சிம்மர்மன் தன்னொழுங்குக் கற்றலை மூன்று கட்டமாக விளக்கினார்: முன்கூட்டித் திட்டமிடுதல், செய்யும்போதே தன்னைக் கவனித்தல், முடிந்தபின் திரும்பிப் பார்த்துத் திருத்துதல். இணையவழியில் படித்த உயர்கல்வி மாணவர் பற்றிய 12 ஆய்வுகளை 2015இல் தொகுத்த புரோட்பென்ட், பூன் ஆகியோர், நேர முகாமை, தன் விளக்கத்தைத் தானே கண்காணித்தல், முயற்சியைத் தக்கவைத்தல், விமர்சன சிந்தனை ஆகியவை பெறுபேற்றோடு சேர்ந்து உயர்வதைக் கண்டார்கள். திரும்பத் திரும்ப ஒப்புவித்தலுக்கு ஆதாரம் மிகக் குறைவு. அன்கி பாவிப்போர் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். கேள்வியைப் பார்த்தவுடன் விடைப் பக்கத்தைத் தட்டி, வாசித்து, "தெரிந்ததுதான்" என்று கடந்தால் அது வெறும் ஒப்புவித்தல். வாய்க்குள் விடையைச் சொல்லி முடித்த பிறகே தட்ட வேண்டும். சொல்ல வராவிட்டால் 10 வினாடி பொறுங்கள், அதற்கும் வராவிட்டால் பிழை என்றே அழுத்துங்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். நல்ல புள்ளி எடுப்பவர்களில் பலர் அன்கி பாவிக்கிறார்கள் என்பதால் அன்கிதான் புள்ளி தந்தது என்றாகாது. தினமும் 20 நிமிடம் உட்காரக்கூடியவர் எந்தக் கருவியோடும் ஓரளவு நன்றாகவே செய்வார். நினைவில் நிற்கும் காலத்தை நீட்டுவது இந்தச் செயலியால் முடியும். உட்காரும் பழக்கத்தை அதனால் உண்டாக்க முடியாது.

முதல் நாள் செற்றிங்ஸ்

நிறுவியவுடன் அட்டை எழுதத் தொடங்காதீர்கள். முதலில் கட்டுகளை, அதாவது அட்டைத் தொகுதிகளை, அமையுங்கள். பெரும்பாலானோர் ஐந்து பாடத்துக்கு ஐந்து தனிக் கட்டு போடுகிறார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்பது செயலி தரும் இயல்பு அளவு. ஐந்து கட்டு என்றால் நாளுக்கு 100. நாள்தோறும் வரும் மீட்டல், புதிய அட்டை எண்ணிக்கையின் ஏறத்தாழ 10 மடங்கு வரை போகலாம் என்று வைத்தே செயலியும் எல்லை பரிந்துரைக்கிறது. 100 புதிய அட்டை என்றால் சில கிழமைகளில் நாளுக்கு 1,000 மீட்டல் வரை வந்து நிற்கும். அன்கியை விட்டுவிட்டு ஓடுபவர்களில் பெரும்பகுதியினர் இந்த இடத்தில்தான் ஓடுகிறார்கள். செயலி கூடாது என்று சொல்லுவார்கள். உண்மையில் எல்லை போடாததுதான் பிழை.

சரியான வழி: "மூன்றாம் செமஸ்ரர்" என்று ஒரு தாய்க் கட்டு, அதற்குள் பாடத்துக்கு ஒரு சேய்க் கட்டு. கட்டின் பெயரை எழுதும்போது தாயின் பெயர், இரண்டு முக்காற்புள்ளி, சேயின் பெயர் என்று எழுதினால் தானாக உள்ளே போய்விடும். தாய்க் கட்டுக்கு என்று தனியாக ஒரு செற்றிங்ஸ் தொகுதி உருவாக்கி, நாளுக்கு 12 புதிய அட்டை, 150 மீட்டல் என்று எல்லை போடுங்கள். நான்கு பாடம் என்றால் சேய்க் கட்டு ஒவ்வொன்றுக்கும் 3. மீட்டும்போது தாய்க் கட்டை மட்டுமே தட்டுங்கள். சேய்க் கட்டுக்கு 3 என்று போடாமல் விட்டால் வேறொரு சிக்கல் வரும். புதிய அட்டைகளைச் செயலி கட்டு வரிசைப்படி எடுப்பதால் பெயர் வரிசையில் முதலில் நிற்கும் பாடமே 12ஐயும் விழுங்கிவிடும், கடைசிப் பாடம் பரீட்சை வரை தலைகாட்டாது.

12 என்பது எங்கிருந்து வந்தது? 15 கிழமை செமஸ்ரர் என்று வைத்துக்கொள்வோம். கடைசி மூன்று கிழமை புதிய அட்டை வேண்டாம். மிச்சம் 12 கிழமை, 84 நாள். 84 தர 12, ஏறத்தாழ 1,000 அட்டை. நான்கைந்து பாடத்துக்கு ஓர் ஆயிரம் நல்ல அட்டை தாராளம். மீட்டல் நாளுக்கு 120 அளவில் நிற்கும். ஓர் அட்டைக்கு 8 வினாடி என்றால் 16 நிமிடம். நீளமான அட்டை எழுதிவைத்து ஒன்றுக்கு 20 வினாடி எடுத்தால் அதே 120 அட்டை 40 நிமிடமாகும். ஆகவே அட்டையின் நீளமும் நேர முகாமைதான்.

செற்றிங்ஸில் எப்எஸ்ஆர்எஸ் என்று ஒன்று இருக்கும். அதை இயக்குங்கள். 1987இல் உருவான எஸ்எம்-2 என்ற பழைய கணிப்பு முறைக்குப் பதிலாக 2023இல் அன்கிக்குள் வந்த புதிய முறை இது. உங்கள் மீட்டல் வரலாற்றைப் பார்த்து உங்களுக்கு எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று கணிக்கிறது. "விரும்பும் நினைவு வீதம்", அதாவது மீட்ட வரும் அட்டைகளில் எத்தனை பங்கு நினைவில் இருக்கவேண்டும் என்பது, 0.90இல் இருக்கும், அப்படியே விடுங்கள். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கவேணும்" என்று அதை 0.97க்கு ஏற்றினால் வேலைச்சுமை பல மடங்காகும். ஒரு விருப்பப் பாடம், சித்தியடைந்தால் போதும் என்றால் அந்தப் பாடத்துக்கு மட்டும் 0.85க்கு இறக்கலாம். புதிய அட்டை முதலில் திரும்பிவரும் இடைவெளிகளான கற்றல் படிகளை 1 நிமிடம், 10 நிமிடம் என்று விட்டுவிடுங்கள், ஒரு நாளோ அதற்கு மேலோ போடக்கூடாது. மாதம் ஒருமுறை அதே இடத்தில் உள்ள ஒப்டிமைஸ் பொத்தானை அழுத்துங்கள். அவ்வளவுதான். இதற்கு மேல் செற்றிங்ஸை நோண்டுவது படிப்பைத் தள்ளிப்போடும் இன்னொரு வழி.

பொத்தான்கள் நான்கு: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. விடை வரவில்லை என்றால் அகெய்ன் மட்டும்தான். "கிட்டத்தட்ட வந்தது" என்று மனம் சமாளித்து ஹார்டை அழுத்தும் பழக்கம் இந்தச் செயலியின் கணிப்பையே கெடுத்துவிடும். ஹார்ட் என்றால் "கஷ்டப்பட்டேன், ஆனால் சரியாகச் சொன்னேன்" என்றுதான் செயலி விளங்கிக்கொள்ளும். மறந்துபோன அட்டையை நினைவில் இருப்பதாகக் கணக்கில் எடுத்து, தூரத் தள்ளிவைக்கும். சந்தேகம் இருப்பவர்கள் அகெய்ன், குட் இரண்டை மட்டும் வைத்தே ஒரு பட்டப்படிப்பை முடிக்கலாம்.

தமிழில் அட்டை எழுதும்போது வரும் சிக்கல்கள்

கலைப்பீடம்போலத் தமிழ்மொழி மூலம் படிப்பவர்களுக்கு முதல் தடை எழுத்துரு. எங்கள் பக்கத்தில் இன்னும் ஏராளமான விரிவுரைக் குறிப்புகள் பாமினியில் இருக்கின்றன. அதைப் பிரதிசெய்து அன்கியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட ஒரு வேஷம். எழுத்துரு கழன்றவுடன் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். இணையத்தில் பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும் மாற்றிகள் உண்டு. மாற்றியபின் இரண்டைக் கட்டாயம் பாருங்கள். குறிப்புக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாக உருக்குலைந்திருக்கும், அவற்றைத் திரும்ப எழுதவேண்டும். அடைப்புக்குறி, சமன் குறிபோன்றவையும் மாறியிருக்கலாம். இலக்கம் வரும் வரிகளை மூலத்தோடு ஒப்பிடாமல் விடவேண்டாம்.

ஸ்கான் செய்த பழைய குறிப்பு என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். கையெழுத்துக்குச் சரிவராது. அச்சில் உள்ளதற்குப் பரவாயில்லை.

அட்டைகளை எக்செலில் மொத்தமாக எழுதி ஏற்றுவோர், சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎப்-8 என்ற வகையைத் தெரிவுசெய்ய வேண்டும். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பப் பெற வழியில்லை. கூகுள் சீற்ஸிலிருந்து இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. முதல் நிரல் கேள்வி, இரண்டாம் நிரல் விடை, மூன்றாம் நிரலில் விரிவுரை இலக்கம். மூன்றாவதை வீண் என்று நினைக்காதீர்கள். பிழைக்கும் அட்டையின் மூலத்துக்கு உடனே திரும்ப அதுதான் வழி.

சிலைட் பீடிஎப்பை ஏஐ செயலியிடம் கொடுத்து 200 அட்டை எழுதித்தரச் சொல்லும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. ஆங்கிலமூலப் பாடங்களுக்கு அது ஓரளவு சரிவரும். தமிழ்மூலத்துக்கு அவதானம் வேண்டும். அவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கலைச்சொற்களைத் தரும். எங்கள் வினாத்தாளில் ஒட்சிசன், ஐதரசன், வகையீடு, முயற்சியாண்மை என்றுதான் வரும். அட்டையில் ஒரு சொல்லும் வினாத்தாளில் வேறு சொல்லும் இருந்தால் பரீட்சை மண்டபத்தில் தடுமாற்றம் நிச்சயம். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. ஒரு விரிவுரையில் எது கேட்கத்தக்கது என்று தெரிவுசெய்யும் வேலைதான் படிப்பின் பாதி. அதை வெளியே கொடுத்துவிட்டால் மிஞ்சுவது 200 அந்நிய அட்டைகள். மருத்துவ மாணவரிடையே சுற்றும் பல்லாயிரம் அட்டைகள் கொண்ட வெளிநாட்டுக் கட்டுகளுக்கும் இதே கதைதான். அவை வேறொரு நாட்டில் வைத்தியராகப் பணிசெய்ய அனுமதி தரும் பரீட்சைக்காகக் கட்டப்பட்டவை. உடற்கூற்றியலில் கொஞ்சம் உதவும். சமுதாய மருத்துவத்தில் எங்கள் நாட்டுச் சுகாதாரக் கட்டமைப்பு அவற்றில் கிடையாது.

நல்ல அட்டை எப்படி இருக்கும் என்பதற்குப் புவியியலில் ஓர் உதாரணம். "யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் பற்றி விளக்குக" என்று ஓர் அட்டை எழுதி, பின்பக்கத்தில் அரைப் பக்கக் குறிப்பை ஒட்டுவது மிகப் பொதுவான பிழை. பாதி சரியாகச் சொன்னால் எந்தப் பொத்தானை அழுத்துவது? அதை உடையுங்கள். குடாநாட்டின் நிலத்தடி நீரைத் தாங்கும் பாறை எது? மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். நன்னீர் ஏன் உவர்நீரின் மேல் வில்லைபோல் நிற்கிறது? அடர்த்தி குறைவு. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ எத்தனை மீற்றர்? 40. அதிகம் இறைத்தால் கிணறு ஏன் உவராகிறது? மேல்மட்டம் இறங்க, கீழிருக்கும் உவர்நீர் அதன் பல மடங்கு மேலெழும். கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுவதற்கான இரண்டு முக்கிய மூலங்கள்? இரசாயனப் பசளையும் மலசலக் குழிகளும். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை? லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆறு அட்டை, ஒவ்வொன்றும் 5 வினாடி. இதில் "ஏன்" என்று கேட்கும் இரண்டும்தான் அதிகம் பெறுமதியானவை. தகவல் அட்டைக்கு மூன்றுக்கு ஒன்றாவது காரண அட்டை இருக்கட்டும்.

படங்களுக்கு இமேஜ் ஒக்லூசன் என்ற வகை இருக்கிறது. படத்தில் பெயர்களின் மேல் பெட்டி வரைந்து மறைத்தால் ஒவ்வொரு பெட்டியும் ஓர் அட்டையாகும். நரம்புப் பின்னல், பாறைப் படைகள், சுற்று வரைபடம் எல்லாவற்றுக்கும் ஏற்றது. ஒரே படத்தில் 15 பெட்டி போடாதீர்கள், 5 அல்லது 6 போதும்.

8 தடவை மறந்த அட்டையைச் செயலி லீச் என்று குறியிடும். அப்படிக் குறி விழுந்தால் அட்டை பிழையாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது அந்த விடயமே விளங்கவில்லை. இரண்டுக்கும் மருந்து திரும்ப மீட்டுவதல்ல. முதலாவதை உடைத்து எழுதுங்கள். இரண்டாவதற்கு விரிவுரையாளரிடமோ குப்பி எடுக்கும் சீனியரிடமோ போங்கள். குப்பிக்குப் போகும்போது லீச் பட்டியலைக் கையில் கொண்டுபோனால் இரண்டு மணித்தியாலக் குப்பி அரை மணித்தியாலத்தில் முடியும். கேட்க என்ன இருக்கிறது என்று தெரிந்து போவதே இதில் கிடைக்கும் பெரிய நன்மை.

இணைப்பு, மின்சாரம், போன்

இந்த விடயத்தில் அன்கிக்கு முழுப் புள்ளியும் கொடுக்கலாம். மீட்டலுக்கு இணைய இணைப்பு தேவையில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகிலும், கொடிகாமத்திலிருந்து வரும் பஸ்ஸிலும் அது ஓடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது இணையவழிக் கற்றலின் மற்றப் பகுதிகள் எப்படி நின்றுபோயின என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். போனிலும் லப்டொப்பிலும் உள்ள அட்டைகளை ஒன்றாக்கும் ஒத்திசைவுக்கு மட்டும் இணையம் வேண்டும். எழுத்து அட்டைகளுக்கு அது மிகச் சொற்பம். படம், ஒலி சேர்ந்தால்தான் டேற்றா கரையும். அன்கிட்ராய்டின் ஒத்திசைவுச் செற்றிங்ஸில் படங்களை வைபையில் மட்டும் இறக்கும்படி வைக்கலாம். நூலக வைபையில் கிழமைக்கு இரண்டு தடவை ஒத்திசைத்தால் போதும்.

ஒத்திசைவில் ஒரு பொறி உண்டு. லப்டொப்பில் அட்டை எழுதிவிட்டு, போனில் முதல் தடவை கணக்கைத் திறக்கும்போது, ஏற்றவா இறக்கவா என்று கேட்கும். போனில் ஒன்றும் இல்லாத நிலையில் "ஏற்று" என்று கொடுத்தால் வெறுமை மேலே போய், அட்டைகள் அழிந்துவிடும். எப்போதும் அட்டை உள்ள கருவியிலிருந்து ஏற்றி, அட்டை இல்லாத கருவியில் இறக்குங்கள். மாதம் ஒருமுறை முழுத் தொகுப்பையும் ஏற்றுமதி செய்து டிரைவில் போட்டுவையுங்கள்.

செயலியின் நாள் நள்ளிரவில் அல்ல, அதிகாலை 4 மணிக்கு மாறும். இரவு 1 மணிக்கு மீட்டினாலும் முதல்நாள் கணக்கில் சேரும். இரவில் படிப்பவருக்கு நல்லது. விடிய 3:30க்கு எழும்பிப் படிப்பவர் இதை 2 மணிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய அட்டைகள் வராது.

நினைவூட்டும் அறிவிப்பில் இந்தச் செயலி பலவீனம். விலை குறைந்த போன்களில் பற்றரி சேமிப்பு வசதி அந்த அறிவிப்பை அடக்கிவிடும். போனின் சாதாரண அலாரத்தை நம்புங்கள். அதைவிடத் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு மீட்டலைக் கட்டுவது உறுதியானது. காலைத் தேநீர் முடிந்தவுடன், அல்லது பஸ்ஸில் இருக்கை கிடைத்தவுடன் என்று முதலே முடிவுசெய்துவைத்தால், "இப்போ செய்வமா, பிறகு செய்வமா" என்ற விவாதத்துக்கு இடமிருக்காது. வட்ஸ்அப்பும் அன்கியும் ஒரே போனில் இருப்பது உண்மையான சிக்கல்தான். அன்ட்ரொய்டின் டிஜிற்றல் வெல்பீயிங்கில் உள்ள போகஸ் மோட்டில் வட்ஸ்அப், யூரியூப், டிக்டொக் மூன்றையும் சேர்த்து, மீட்டும் அந்த 20 நிமிடத்துக்கு நிறுத்திவையுங்கள். பட்ச் குழுவில் அவசர அறிவித்தல் வந்தாலும் 20 நிமிடத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது.

தவறவிட்டால்

எல்லோருக்கும் தவறும். நல்லூர்த் திருவிழா 25 நாள், காய்ச்சல் வரும், ஒப்படை மூன்று ஒரே கிழமையில் வரும். மூன்று நாள் விட்டால் 350 அட்டை வரை குவிந்திருக்கும். அந்த இலக்கத்தைக் கண்டு பயந்து மேலும் மூன்று நாள் விடுவதுதான் முடிவின் தொடக்கம். செய்ய வேண்டியது: புதிய அட்டையை 0 ஆக்குங்கள். மீட்டல் எல்லையை 180 ஆக்குங்கள். மீட்டல் வரிசையை, நினைவில் இருக்கும் வாய்ப்புக் கூடியது முதலில் வரும்படி மாற்றுங்கள். அப்படிச் செய்தால் கைநழுவாதவற்றை முதலில் காப்பாற்றலாம், ஏற்கெனவே மறந்தவை ஒரு நாள் பிந்தி வந்தாலும் நட்டமில்லை. ஐந்தாறு நாளில் குவியல் கரையும். பிறகு புதிய அட்டையைப் பழையபடி 12க்குக் கொண்டுவாருங்கள். திருவிழாக் காலம்போல முன்கூட்டித் தெரிந்த இடைவெளி என்றால் பத்து நாளுக்கு முன்பே புதிய அட்டையை நிறுத்திவிட்டால், திருவிழா நாட்களில் மீட்டல் 10 நிமிடத்துக்குள் சுருங்கிவிடும்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் நாட்காட்டி நிலையாக இருப்பதில்லை. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. இரவிரவாகப் படித்துவைத்தவரின் படிப்பு, பரீட்சை தள்ளிப்போனால் வீணாகிவிடும். நாளுக்கு 10 நிமிட மீட்டலில் ஆயிரம் அட்டையை மாதக்கணக்கில் தாங்கிவைப்பது இங்கே அன்கி தரும் தனிச் சலுகை.

கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு பின்னேரம் என்று வைத்துக்கொண்டு, புள்ளிவிபரப் பக்கத்தை 10 நிமிடம் பாருங்கள். பாடம் பாடமாக நினைவு வீதத்தைப் பார்க்கலாம். 0.90 கேட்டிருக்கும்போது ஒரு பாடம் 80 வீதத்துக்குக் கீழ் நின்றால், அட்டைகள் நீளம் அல்லது பாடம் விளங்கவில்லை. 97 வீதம் நின்றால் அட்டைகள் மிக இலகு, பரீட்சையில் கேட்கமாட்டாதவற்றை எழுதிவைத்திருக்கிறீர்கள். தன்னைத் திரும்பிப் பார்க்கும் அந்த மூன்றாம் கட்டத்துக்கு மாணவர் கையில் இவ்வளவு தெளிவான இலக்கம் தரும் கருவி இலவசத்தில் வேறில்லை.

எதற்கு உதவாது

கட்டுரை எழுத இது கற்றுத்தராது. மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினா என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். அந்த 36 நிமிடத்தில் கருத்தை அடுக்கி, எதிர்வாதம் வைத்து, கையால் எழுதி முடிப்பது தனித் திறன். கிழமைக்கு ஒரு கடந்தகால வினாவை நேரம் பார்த்து எழுதாமல், அட்டை மட்டும் மீட்டிக்கொண்டு கலைப்பீடப் பரீட்சைக்கோ சட்டப் பரீட்சைக்கோ போனால் தகவல் நிறைந்த, வாதமில்லாத விடைத்தாள்தான் வரும். கணிதம், பொறியியல் கணிப்பு வினாக்களுக்கும் அப்படியே. சூத்திரமும் அது பொருந்தும் நிபந்தனையும் அட்டைக்குச் சரி. கணக்கைத் தாளில்தான் செய்யவேண்டும். எல்எம்எஸ்ஸில் விரிவுரையாளர் போடும் வினாவிடைகளைத் தவறவிடாதீர்கள். உங்கள் அட்டையில் உங்கள் கேள்விதான் இருக்கும், அங்கே பரீட்சகரின் கேள்வி இருக்கும்.

பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது இதை நிறுவுபவர்களுக்கு: வேண்டாம். அட்டை எழுதுவதிலேயே அந்த நேரம் போய்விடும், இடைவெளிவிட்டு மீட்ட நாளும் இருக்காது. கடந்தகால வினாத்தாளை எடுத்து, குறிப்பைப் பார்க்காமல் விடை எழுதி, பிறகு குறிப்போடு ஒப்பிடுங்கள். அடுத்த செமஸ்ரரின் முதல் விரிவுரையன்று அன்கியைத் திறக்கலாம். விரிவுரை முடிந்த அன்றிரவே, சிலைட் 40 இருந்தாலும், அதிலிருந்து 6 முதல் 8 அட்டை. எழுதுவதற்கு 25 நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.

செமஸ்ரர் முடிந்ததும் கட்டை அழிக்காதீர்கள். தொடர்ச்சி உள்ள பாடம் என்றால் புதிய அட்டை சேர்க்காமல் அப்படியே ஓடவிடுங்கள், நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்காது. ஜூனியர்களுக்குக் கொடுப்பதென்றால் ஏற்றுமதி செய்யும்போது "மீட்டல் வரலாற்றையும் சேர்" என்ற குறியை நீக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் இடைவெளிகளே அவர்களுக்கும் போகும். கோப்பின் பெயரில் பாடநெறிக் குறியீட்டையும் ஆண்டையும் போட்டு, பாடத்திட்டம் மாறியிருந்தால் எந்த விரிவுரை வரை பொருந்தும் என்பதையும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள்.